தீனியும் இரையும்

விசில் ஊதி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அண்ணன் நாலு உருண்டை தீனியைத் தண்ணீரில் எறிந்துவிட்டார். தவிடு, ரொட்டித் தூள், தேங்காய்ப் பால், வாசனைக்குக் கொஞ்சம் பாண்டான் இலைச் சாறு, எல்லாம் சேர்த்து நேற்றுச் சாயங்காலமே பிசைந்து வைத்தது. ஒவ்வொன்றும் ஆரஞ்சுப் பழம் அளவு, தொப் தொப்பென்று விழுகிறது, விழுந்த இடத்தில் பழுப்பாக ஒரு கலங்கல் கிளம்பி மெதுவாக அடியில் இறங்குகிறது. மணி எட்டு. பன்னிரண்டுக்கு மறுபடி விசில். இந்த நாலு மணி நேரத்தில் யார் வலையில் மொத்த எடை அதிகமோ அவருக்குக் கோப்பை. காப்பார் ஊருக்குப் பின்னால் செம்பனைக் காட்டை ஒட்டிய குளம் இது, சுற்றிலும் மரப்பலகை மேடைகள், முப்பது மேடை, முப்பது பேர். அண்ணனுக்குப் பதினேழாம் நம்பர், எனக்குப் பதினெட்டு. சீட்டுக் குலுக்கி எடுத்தபோது அடுத்தடுத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எங்கடா தப்பிப்பே சுகு" என்று முதுகில் தட்டினார். மீனை நினைத்துத்தான் சொன்னார். வேறு எதை நினைத்துச் சொல்லியிருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குளத்தில், இந்த நாட்டில், அந்த டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. என் மனைவி பூங்குழலிக்கும் தெரியாது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று வியாழக்கிழமை ராத்திரி சொன்னேன், வெள்ளி சொன்னேன், நேற்றும் சொன்னேன். மூன்று தடவை சொல்லிவிட்டால் ஒரு பொய்க்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது, பிறகு எழுந்து போகச் சொன்னாலும் போவதில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த அறையில் டாக்டர் ஃபைலைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "பொருந்துது, ரொம்ப நல்லாவே பொருந்துது" என்றார். எனக்கு அப்போது சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். சந்தோஷம் வரவில்லை.

மிதவையை ஒரு விரல் அளவு மேலே தள்ளினேன். ஆழம் நாலரை அடி. விசிலுக்கு முன்பே ஈயக் குண்டைக் கட்டி மூன்று இடத்தில் அளந்து பார்த்தாயிற்று, வலது பக்கம் அடியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அதன் சரிவில்தான் இரை உட்கார வேண்டும். என் வழி அது. நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போட்ட கை, ஒரு கோடு தடித்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சின்னத் தூண்டில் முள், மெல்லிய நரம்பு, முள் வெளியே தெரியாமல் பட்டாணி அளவு மாவு, தண்ணீரில் விழும்போது சத்தம் வரக்கூடாது, உதிர்ந்து விழுகிற தீனி எந்த வேகத்தில் இறங்குமோ அதே வேகத்தில் இதுவும் இறங்க வேண்டும். மீனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. அண்ணனுக்கு இதெல்லாம் சிரிப்பு. "விருந்துக்குச் சொல்லாம வீட்டுல ஒரு இலையை மட்டும் போட்டு வச்சா எவன்டா வருவான்? முதல்ல ஊரைக் கூப்பிடு, வயிறாரப் போடு, அப்புறம் பாரு" என்பார். "விருந்துல வயிறு ரொம்பினவன் உங்க இலையை எதுக்கு அண்ணே பாப்பான்? போட்டதைத் திருப்பி அள்ள முடியுமா?" என்பேன். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே பேச்சு, குளம் மாறும், பேச்சு மாறாது. கணக்கெடுத்தால் அவர் பாதி ஜெயித்திருப்பார், நான் பாதி. யார் சரி என்று இன்னும் தெரியவில்லை. போட்டதைத் திருப்பி அள்ள முடியாது, அது மட்டும் தெரியும். இதோ மறுபடி கையை வாளிக்குள் விடுகிறார். வலது கை. இடது கையை மடியில் வைத்திருக்கிறார், தூங்குகிற பூனையை வைத்திருப்பதுபோல. முழங்கைக்குக் கீழே அந்த நரம்பு புடைத்து, வளைந்து, தோலுக்கடியில் ஒரு நாக்குப்பூச்சி ஓடுவதுபோல. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதால், ரத்தம் சுத்திகரிக்கிற ஊசிக்காக ஆபரேஷன் பண்ணி இரண்டு நரம்பை ஒன்றாக இணைத்தது. ஒருநாள் "தொட்டுப் பாருடா" என்றார், தொட்டேன், உள்ளே விர்ரென்று ஒரு இரைச்சல், டப்பாவில் அடைத்த வண்டுபோல. கையை எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தை அவர் பார்த்தாரா. திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம். இரண்டு வருஷம். அவர் மகள் யஷ்வினிதான் விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் சின்னக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து நேராகப் பாலர் பள்ளிக்குப் பாடம் சொல்லித்தரப் போவாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அண்ணன் குடிக்கலாம். இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தாகம் எடுத்தால் போத்தலில் இருந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புகிறார். துப்புவதற்கு முன் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்கிறார். அதைப் பார்க்காமல் இருக்க நான் மிதவையைப் பார்க்கிறேன்.

மிதவை அசையவில்லை. ஒன்பது மணி. எதிர்க்கரையில் யாரோ இரண்டு திலாப்பியா தூக்கிவிட்டார்கள், எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. அண்ணன் வாளியில் கால்வாசி காலி. மூவாயிரத்தில் ஒருவர். அதைத்தான் டாக்டர் சொன்னார், நான் கேட்டதற்கு. "கொடுக்கிறவங்க செத்துப்போக வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டேன், மலாயில் கேட்டேன், தமிழில் கேட்டிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. "மூவாயிரம் பேருக்கு ஒருத்தர்" என்றார், "ரொம்பக் குறைவு." ரொம்பக் குறைவுதான். ஆனால் எனக்கு எண்ணிப் பார்க்கிற புத்தி. இந்தக் குளத்தில் முப்பது பேர். இதுபோல நூறு குளம். நூறு குளத்திலும் பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதுகிறார்கள், எல்லாரும் எழுந்து வலையைத் தூக்குகிறார்கள், ஒருவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒருவன் பதினெட்டாம் நம்பர் மேடையில் உட்காரமாட்டான் என்று யார் எழுதிக் கொடுப்பது? கை தானாகவே இடது விலாவுக்குக் கீழே போகிறது. இங்கேதான். வெளியிலிருந்து அழுத்தினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. நாற்பத்தாறு வருஷம் அது அங்கே இருக்கிறதா இல்லையா என்று நான் நினைத்ததே கிடையாது, இப்போது நாலு நாளாக அது ஒன்றுதான் என் உடம்பில் இருப்பதுபோல இருக்கிறது. குளிக்கும்போது அங்கே சோப்புப் போடவில்லை. சட்டையை மெதுவாகப் போடுகிறேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மனசு இல்லேன்னா எங்கிட்ட சொல்லிடலாம். நாங்க உங்க அண்ணன்கிட்ட பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்லுவோம். காரணம் சொல்லமாட்டோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரு பதில் சொன்னா போதும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பொய் என்னுடையது இல்லை, ஆஸ்பத்திரி கொடுத்தது, சீட்டு எழுதிக் கொடுத்த மருந்துபோல. நான் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சாப்பிடுவேனோ மாட்டேனோ, கையில் இருக்கிறது.

யாரும் என்னைக் கேட்கவில்லை, அதுதான் விஷயம். அண்ணன் ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்று மாசத்துக்கு முன் அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அண்ணிக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். அண்ணி எனக்கு மீன் துண்டு வைத்தார், ஒன்று, பிறகு இன்னொன்று. "போதும் அண்ணி" என்றேன். "சாப்பிடுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இரண்டாவது துண்டை வைத்த கரண்டி தட்டை விட்டு எழும்பவில்லை, ஒரு நொடி அங்கேயே நின்றது. அண்ணன் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நான் டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறேன்" என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அண்ணி கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், அடுப்படியில் குழாய் திறந்த சத்தம், ரொம்ப நேரம் மூடவில்லை. அண்ணன் நிமிர்ந்து, "அவசரப்படாதடா, யோசிச்சுச் செய்" என்றார். யோசித்துத்தான் என்ன, போட்டுவிட்டேனே. அது அண்ணி வைத்த இரையா, இல்லை முப்பத்தொன்பது வருஷமாக அண்ணன் போட்ட தீனியா. சீ. என்ன மனிதன் நான். ஆனாலும் அந்த நினைப்பு வருகிறது, ஒரு தடவை வந்துவிட்டால் நரம்பு புதரில் மாட்டினதுபோல, இழுக்க இழுக்க இறுகுகிறது. அப்பா டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது எனக்கு ஏழு வயசு, அவருக்குப் பதினைந்து. அடுத்த மாசமே லோரியில் சாமான் ஏற்றி இறக்கப் போனார். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருக்கும், வாழை இலையைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்து நான் தின்பதைப் பார்ப்பார். "நீங்க?" என்றால் "நான் ஸ்டாண்டுலயே சாப்ட்டேன்டா" என்பார். சாப்பிட்டிருப்பாரா? இந்த வயசு வரைக்கும் நான் கேட்டதில்லை. கேட்காமல் தின்றேன். தின்று படித்தேன், தின்று தொழில்நுட்பக் கல்லூரி போனேன், தின்று வேலைக்குப் போனேன். ஒரு நாளாவது அவர் அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு இப்போது எவ்வளவு வசதியாக இருக்கும். "உனக்காக நான் அதைச் செய்தேன் இதைச் செய்தேன்" என்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், "நானா கேட்டேன்" என்று நானும் கத்திவிட்டுக் கணக்கை முடித்திருப்பேன். அவர் கத்தியதில்லை. தீனியில் முள் இருந்ததில்லை. நாலு நாளாகத் தேடிப் பார்க்கிறேன், ஒரு முள்ளும் கிடைக்கவில்லை, கிடைக்காததுதான் தொண்டையில் குத்துகிறது.

"சுகு, அங்க பாரு, குமிழி" என்கிறார் அண்ணன். பார்க்கிறேன். அவர் தீனி விழுந்த இடத்தில் ஊசி முனை அளவு குமிழிகள், பத்து, இருபது, கீழே ரோகு மீன் சேற்றைக் கிளறிக்கொண்டு வருகிறது. ஒன்பதரை. அவர் மிதவை நின்ற இடத்தில் இல்லை, அண்ணன் தூக்கிவிட்டார், ஒன்றரைக் கிலோ இருக்கும், வலையில் போட்டார். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. பக்கத்து மேடை ஹசான், "பாலன் அண்ணே ஆரம்பிச்சிட்டாரு" என்று சத்தமாகச் சொன்னார், தனபாலன் என்ற பெயரைக் குளத்தில் யாரும் முழுசாகக் கூப்பிடுவதில்லை. அண்ணன் முகத்தில் அந்தச் சிரிப்பு. இரண்டு வருஷத்தில் முகம் மண் நிறமாகிவிட்டது, கன்னம் உள்ளே போய்விட்டது, சிரிப்பு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது, சின்னதாகிப்போன வீட்டில் பெரிய அலமாரி நிற்பதுபோல. பத்து மணிக்குக் காற்று திரும்பியது. செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது நின்று, அவர் பக்கமிருந்து என் பக்கம் வீச ஆரம்பித்தது. தண்ணீரின் மேல்தோல் மெல்ல நகர்கிறது. அவர் போட்ட கலங்கல், அந்தப் பாண்டான் வாசனை, தவிட்டுத் தூள், எல்லாம் நகர்ந்து நகர்ந்து என் மேட்டுச் சரிவில் வந்து தங்குகிறது. எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் மாவை இன்னும் சின்னதாக உருட்டி, அந்தக் கலங்கலின் விளிம்பில், சத்தமில்லாமல் இறக்கினேன். மிதவை கால் அங்குலம் தாழ்ந்து நின்றது. கழியைத் தட்டித் தூக்கினேன். கனம். ரோகு. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, பதினொரு மணிக்குள் ஒன்பது. என் வாளியில் தீனி அப்படியே இருக்கிறது, ஒரு கை கூட எடுக்கவில்லை. அண்ணன் பக்கம் நின்றுபோயிற்று. அவர் எறிகிறார், அது என்னிடம் வருகிறது. "ஏன்டா, நான் ஆக்கிப் போடுறேன், நீ பந்தியில உக்காந்துக்கிறியா?" என்று சிரித்தார். "காத்து அண்ணே, நான் என்ன செய்ய" என்றேன். "நல்லாப் புடி, நல்லாப் புடி. கோப்பை நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்று சொல்லிவிட்டு மறுபடி அள்ளி எறிந்தார். அவர் நிறுத்தியிருக்கலாம். எறிவதை நிறுத்தினால் எனக்கும் நிற்கும், போட்டிக்கு அதுதான் புத்தி, இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். தெரிந்தும் எறிகிறார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியாத கோபம், வயிற்றிலிருந்து, அந்த இடது விலாவிலிருந்து கிளம்புகிறது. நிறுத்துங்களேன். கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் இருங்களேன், ஒரே ஒரு நாள். அப்போது எனக்கு எவ்வளவு சுலபம்.

சொல்லத்தான் வேண்டும். இன்று இல்லையென்றால் நாளை கழித்து டாக்டர் ஃபோன் பண்ணுவார், அவர் சொல்லி அண்ணன் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது. எதைச் சொல்வது? அதை இன்னும் முடிவு பண்ணவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கவனித்தால், "பொருந்துது அண்ணே" என்பதை எப்படிச் சொல்வது என்று நான் ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்கவில்லை. மற்றதைத்தான் பார்க்கிறேன். எந்த நேரத்தில், எந்தக் குரலில், வார்த்தையை எங்கே நிறுத்துவது, அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, கண்ணைப் பார்த்துச் சொல்வதா மிதவையைப் பார்த்துச் சொல்வதா. மிதவையைப் பார்த்துச் சொன்னால் இயல்பாக இருக்கும். அதிகம் பேசக்கூடாது. வருத்தத்தைக் கொட்டக்கூடாது, கொட்டினால் கலங்கிவிடும். சின்னதாக, மெதுவாக. இதெல்லாம் யோசித்துக்கொண்டே மாவை உருட்டுகிறேன், விரல் தன் பாட்டுக்கு உருட்டுகிறது, முள்ளை மறைக்கிறது. என் விரலைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது. கொடுத்துவிடேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் ஓய்வு, ஒன்று போனால் ஒன்று இருக்கிறது. கொடுத்துவிட்டு அவர் ஒரு செம்பு தண்ணீரை முழுசாக, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்கக் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார். எவ்வளவு பெரிய விஷயம் அது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த இடம் வரைக்கும் நினைப்பு ஒழுங்காகப் போகிறது, பிறகு அந்த விளக்கு, ஆபரேஷன் அறை விளக்கு, முகத்தில் வைக்கிற மூடி, "பத்திலிருந்து பின்னால எண்ணுங்க" என்கிற குரல். பத்து, ஒன்பது, எட்டு. ஏழில் நான் இல்லை. எழுப்புவார்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். மூவாயிரத்தில் ஒருவனிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பதினொன்றே காலுக்கு அண்ணனின் தூண்டில் கழி வில்லாக வளைந்தது. ரோகு இல்லை, வேறு. நரம்பு கிறீச்சென்று ஓடுகிறது, குளத்தின் நடுவுக்கு, அங்கிருந்து இடது பக்கம். "பாத்தின் மீன்டா, பெருசு" என்றார், எழுந்து நின்றுவிட்டார். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அது ஒன்று வந்தால் நான் பிடித்த அத்தனையும் ஒன்றுமில்லை, கோப்பை அவருக்கு. போட்டி விதிப்படி வேறு ஒருவர் கழியைத் தொடக்கூடாது, வலை பிடிக்கலாம். நான் என் கழியைக் கீழே வைத்துவிட்டு நீள வலையை எடுத்துக்கொண்டு அவர் மேடைக்குப் போனேன். வலது கையால் மட்டும் பிடித்திருக்கிறார். கழியின் அடியை வயிற்றில் ஊன்றியிருக்கிறார். "ரெண்டு கையாலயும் புடிங்க" என்று ஹசான் கத்தினார், அவருக்கு என்ன தெரியும். அந்த இடது கையால் கனம் இழுத்து நரம்பு வெடித்தால் ரத்தம் நிற்காது. அண்ணன் இடது கையைக் கழி வரைக்கும் கொண்டுபோனார், விரல் தொட்டது, அந்தப் புடைப்பு இன்னும் புடைத்தது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். "அண்ணே வேண்டாம்" என்றேன். கையை எடுத்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, நெற்றியில் வியர்வை, உதடு வெளுத்துவிட்டது. மீன் இன்னொரு ஓட்டம் ஓடியது. அவர் கொஞ்ச நேரம் அது போன திசையையே பார்த்தார். பிறகு கழியைத் தாழ்த்தி, நேராக மீனை நோக்கி நீட்டி, தூண்டில் நரம்பைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டப்பென்று அறுந்தது. அவ்வளவுதான். எதிர்க்கரையில் யாரோ "அய்யோ" என்றார்கள். அண்ணன் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார், போத்தலை எடுத்தார், ஒரு வாய், கொப்பளித்து, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து, துப்பினார். "போகட்டும், அதுவும் எங்கயாவது பொழச்சுக் கெடக்கட்டும்" என்றார். நான் வலையோடு நிற்கிறேன். இப்போது சொல்லாதே. இப்போது வேண்டாம், இவ்வளவு களைத்துப்போன மனுஷனிடம், இப்போது வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அறுந்த நரம்பு தண்ணீரில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, வியாழக்கெழம ரிசல்ட் வந்துச்சு" என்றேன், "பொருந்தலையாம்."

ஒரு விசிறி ஓடும் சத்தம் குளத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது, தண்ணீருக்குக் காற்று ஊட்டுகிற விசிறி, அதுவரை என் காதில் விழாதது. அண்ணன் கேட்பார், எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று கேட்பார், பதில் வைத்திருக்கிறேன். கேட்கவில்லை. "அதான் ரெண்டு நாளா மூஞ்சி சரியில்லையா?" என்றார். "நான் வேற என்னமோன்னு நெனச்சேன். வீட்டுல எதும் சண்டையோன்னு." என் தோளில் கை வைத்தார், தவிடு ஒட்டிய கை, பாண்டான் வாசனை. "உன் தப்பாடா இது? நீயா செஞ்சே? விடு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார், தோளை இன்னும் இறுக்கினார். "உண்மையைச் சொல்லவா? எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதிதான். உன்னைக் கொண்டுபோய்க் கத்தியில படுக்க வைக்கணுமேன்னு நெனச்சா தூக்கமே இல்லே. ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா பூங்குழலி மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?" இப்போது சொல்லிவிடலாம். இப்போதுகூட முடியும். பொருந்துது அண்ணே, பயந்துட்டேன், மன்னிச்சிருங்க, மூன்று வார்த்தை. வாயைத் திறந்தேன். "ஒண்ணுதான் கஷ்டம்" என்றார் அண்ணன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "யஷ்வினி. நானும் குடுக்குறேன்னு ரெண்டு மாசமா ஒரே அழுகை. அடுத்த தை மாசம் கல்யாணம், இருபத்திரண்டு வயசு, புள்ள பெத்துக்க வேண்டிய ஒடம்பு, வாயை மூடுன்னு சத்தம் போட்டு வச்சிருந்தேன். சித்தப்பா ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் இந்தப் பேச்சே வீட்டுல வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். இனிமே அவளை எப்பிடி நிறுத்துறது? அவங்க அம்மாவும் சேந்துக்குவா. நானும்..." நிறுத்தினார். "நானும் எத்தனை நாளைக்கு வேணாம் வேணாம்னு சொல்லுவேன், சுகு. எனக்கும் உயிரு மேல ஆசையாத்தான் இருக்கு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொன்னால் வெறும் "பயந்துட்டேன்" இல்லை, பொய் சொன்னேன், உங்கள் முகத்துக்கு நேராக, நீங்கள் மீனை விட்டுவிட்டு உட்கார்ந்த நிமிடத்தில் சொன்னேன் என்று ஆகும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் மூன்று வார்த்தை போதுமாக இருந்தது, இப்போது எத்தனை வார்த்தை ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன், எண்ண எண்ணக் கூடுகிறது. யஷ்வினி. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என் கையில்தான் முதலில் கொடுத்தார், துணிக்குள் ஒரு சின்னச் சூடு. அந்த விளக்குக்குக் கீழே அவளா. பத்து, ஒன்பது, எட்டு என்று அவளா எண்ணப் போகிறாள். அவளுக்கும் மூவாயிரத்தில் ஒன்றுதானே, ரொம்பக் குறைவுதானே. பொருந்தாமலும் போகலாம். சின்ன உடம்பு, சீக்கிரம் ஆறிவிடும். என் மனசு இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், நல்ல பையன் பாடம் ஒப்பிப்பதுபோல. அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறார். ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார். "டெஸ்டுக்குச் செவ்வாய்க்கெழம வரச் சொல்லுங்க அண்ணே" என்றது என் குரல், சாதாரணமாக, பழக்கப்பட்ட ஆள் வழி சொல்கிற குரல். "ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்துரணும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக்கூடாது." அண்ணன் தலையாட்டினார். "செவ்வாய்க்கெழம அவங்க அம்மாவுக்கு ஸ்கூல் கேன்டீன்ல லீவு கெடைக்காது. புள்ளைக்கு ஊசின்னா சின்ன வயசிலேர்ந்து பயம், மயங்கி விழுந்துருவா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ கூடப் போறியாடா? ஒனக்குத்தான் அங்க எல்லாம் தெரியும்."

"போறேன் அண்ணே" என்றேன்.